புது வைஸ் பூட்ட முதல்: அடிக்கடி கேக்கிற கேள்வியளும் என்ர பதிலும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில சின்னத் தச்சுப் பட்டறை ஒண்டு வைச்சிருக்கிறன், கதவு, யன்னல், நிலை, இடைக்கிடை கோயில் வாகனத்துக்கு அடிச்சட்டம் எண்டு வேலை போகும். இப்ப ரெண்டு மூண்டு வருசமா வீட்டில மரவேலை பழகிற பெடியளும், வெளிநாட்டில இருந்து வந்து நிண்டு வீட்டு மூலையில ஒரு மேசை போடுற ஆக்களும் கனபேர் போன் எடுக்கினம், கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே விசயம், புதுசா வைஸ், அதுதான் வேலை செய்யேக்க மரத்தை இறுக்கிப் பிடிக்கிற சாமான், வாங்கி மேசையில பூட்டினனாங்கள் வடிவாப் பிடிக்குதில்லை எண்டு. போய்ப் பாத்தால் வைஸ் நல்ல வைஸாத்தான் இருக்கும், பூட்டின விதம் பிழையா இருக்கும், இல்லாட்டி பூட்ட முதலே கண்டுபிடிச்சிருக்க வேண்டிய குறையைப் பாக்காமல் மேசையை வெட்டிப் போட்டிருப்பினம். வைஸைக் கடையில மாத்தலாம், மேசையில வெட்டின பள்ளத்தை மாத்த ஏலாது. அதால கேட்ட கேள்வியளை எல்லாம் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன்.

அளவைப் பற்றி ஒண்டு. நான் இஞ்சியும் நூலும்தான் கதைப்பன், 8 நூல் ஒரு இஞ்சி, அப்ப ஒரு நூல் எண்டால் 3 மில்லிமீற்றர் சொச்சம். கணக்குப் போடுற இடத்தில மட்டும் மில்லிமீற்றரில சொல்லுறன்.

கடையில வைஸ் எண்டு கேட்டால் தாறது மரவேலைக்கான வைஸ்தானோ?

கனக்க இடத்தில இல்லை. யாழ்ப்பாண ரவுணில ஸ்ரான்லி வீதிப் பக்கம் போய் வெறுமன வைஸ் தாங்கோ எண்டு கேட்டால் இரும்பு வேலைக்கான வைஸைத்தான் எடுத்து மேல வைப்பினம், மேசைக்கு மேல நிக்கிறது, தாடையில, அதுதான் சாமானைப் பிடிக்கிற முகத்தில, பல்லுப்பல்லா வெட்டியிருக்கும், அதில வேப்பம் பலகையை வைச்சு இறுக்கினால் பல்லு அப்பிடியே பலகையில பதிஞ்சிடும். மரவேலை வைஸ் மேசைக்குக் கீழ தொங்கும், தாடை அகலமா தட்டையா இருக்கும், ரெண்டு தாடையிலயும் பலகை பூட்டுறதுக்கு ஓட்டை இருக்கும், நடுவில பெரிய ஸ்குறுவும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு றொட்டும், அதுதான் இரும்புக் கம்பியும், போகும். மேசைக்குக் கீழ பூட்டுற தச்சு வைஸ் எண்டு விளங்கப்படுத்திக் கேளுங்கோ. இஞ்ச இல்லாட்டி கொழும்பில பழைய சோனகத் தெருவில தேடலாம், ஆரும் போற ஆக்களிட்டச் சொல்லி விட்டாலும் சரி, ஆனால் கீழ சொல்லுற சோதனையைச் செய்யத் தெரிஞ்ச ஆளா இருக்கோணும்.

7 இஞ்சியோ 9 இஞ்சியோ?

கதவு, நிலை செய்யிறதெண்டால் 9 இஞ்சி. சின்னப் பெட்டி, படச்சட்டம், விளையாட்டுச் சாமான் எண்டால் 7 காணும். தாடை அகலத்தை மட்டும் பாக்காதேங்கோ, எவ்வளவு திறக்கும் எண்டும் பாருங்கோ, ஏனெண்டால் ரெண்டு தாடைக்கும் 20 மில்லிமீற்றர் பலகை அடிச்சால் 40 மில்லிமீற்றர், அதாவது ஒண்டரை இஞ்சிக்கு மேல, திறப்பில குறைஞ்சிடும். 8 இஞ்சி திறக்கிற வைஸ் ஆறரை இஞ்சிக்குக் கிட்டத்தான் மிஞ்சும்.

காசு குடுக்க முதல் கடையிலயே என்ன பாக்கிறது?

பெட்டியை உடைச்சுப் பாக்க விடாத கடையில வாங்காதேங்கோ, இதில நான் கண்டிப்பான ஆள். தாடையை முழுசா மூடுங்கோ. மூடினபடி மேலால பாருங்கோ, ரெண்டு தாடையின்ர மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில நிக்குதோ, ஒண்டு உயர்ந்து ஒண்டு பதிஞ்சு நிக்குதோ எண்டு. பிறகு ஒரு பக்கத்தில இருந்து பாருங்கோ, தாடையளுக்கு நடுவில வெளிச்சம் தெரிஞ்சால் எங்க தெரியுது எண்டு. கீழ கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சால் நல்லம், மேல தெரிஞ்சால் நல்லமில்லை, ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

அடுத்தது வார்ப்பு. இந்த வைஸ் கூடுதலா காஸ்ற் அயன், வளையாது, உடையும். ரோச் லைற் அடிச்சு றொட் வந்து முன் தாடையில சேருற மூலையளையும், போல்ட் ஓட்டையளைச் சுத்தியும் பாருங்கோ, மயிர் மாதிரி கோடு ஓடியிருந்தால் வேண்டாம். பெயின்ற் ஒரு இடத்தில மட்டும் தடிப்பா இருந்தால் நகத்தால சுரண்டிப் பாருங்கோ, உள்ளுக்கு புட்டிப் பசை அடிச்சு ஓட்டையை மூடியிருக்கலாம். சுத்தியலால தட்டிச் சத்தம் கேட்டால் வெடிப்புத் தெரியும் எண்டு சொல்லுவினம், அது கழட்டி வைச்ச துண்டுக்குச் சரி, முழுசா பூட்டினபடி தட்டினால் றொட்டும் ஸ்குறுவும் சத்தத்தை அமத்திப்போடும், அதை நம்பி வாங்காதேங்கோ.

கைபிடியைச் சுத்துங்கோ. ஒரு முழுச் சுத்தில ஒரு இடத்தில மட்டும் இறுகி மற்ற இடத்தில லேசாப் போனால் ஸ்குறு வளைஞ்சிருக்கு. எல்லா இடமும் ஒரே மாதிரி இறுக்கமா இருந்தால் அது பெரும்பாலும் கிறீஸ் காய்ஞ்சது, வீட்ட கொண்டுபோய்க் கழுவினால் சரி.

லண்டனில இருந்து மாமா பழைய ரெக்கோர்ட் கொம்பனி வைஸ் ஒண்டு அனுப்பியிருக்கிறார், புதுசை விட அது நல்லதோ?

நல்லா வைச்சிருந்த ஒண்டெண்டால் ஓம், கண்ணை மூடிச் சொல்லுவன். நீலப் பெயின்ற் அடிச்ச ஷெஃபீல்ட் ரெக்கோர்ட், 52½ எண்டு நம்பர் இருந்தால் 9 இஞ்சித் தாடை, 13 இஞ்சி திறக்கும், 53 எண்டால் பத்தரை இஞ்சித் தாடை, 15 இஞ்சி திறக்கும், 52 எண்டால் 7 இஞ்சி, 8 இஞ்சி திறக்கும். ஆனால் பழசில மூண்டு இடம் பாக்க வேணும். ஒண்டு, எங்கயாவது வெல்டிங் பிடிச்சிருக்கோ எண்டு. ரெண்டாவது, ஸ்குறுவின்ர மறையில (புரியில) முன் பக்கம், தாடைக்குக் கிட்ட இருக்கிற பாகம், அங்கதான் கனக்க வேலை நடக்கும், மறை கூர் பிடிச்சுத் தேஞ்சு போயிருக்கும். மூண்டாவது, தாடையைக் கெதியா இழுக்க அமத்துற லீவருக்குக் கீழ இருக்கிற ஸ்பிறிங், அது போனால் மாத்தலாம், அதுக்காக வைஸைக் கழிக்காதேங்கோ.

பார்சலில போடுற ஆக்களுக்கும் ஒரு சொல்லு, கைபிடியையும் தாடைப் பலகையையும் கழட்டி, தாடையை மூடி, அசையாமல் கட்டி அனுப்பச் சொல்லுங்கோ. திறந்தபடி அனுப்பி விழுந்தால் றொட் வளையும், வளைஞ்ச றொட்டை இஞ்ச நிமித்தி எடுக்கிறது பெரிய பாடு.

வீட்ட கொண்டுவந்த உடன பூட்டலாமோ?

வேண்டாம், ஒரு பின்னேரம் பொறுங்கோ. புது வைஸில கப்பலில கறள் பிடிக்காமல் இருக்க தடிச்ச கிறீஸ் பூசியிருப்பினம், அதுக்குள்ள வார்ப்பு மண்ணும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். முன் தாடையை முழுசா வெளிய இழுத்துக் கழட்டுங்கோ, கனக்க மொடலில பின்னுக்கு ஒரு பின்னோ தகடோ இருக்கும், அதைக் கழட்டினால் முழுசா வெளிய வரும். பழைய பிரஷும் மண்ணெண்ணெயும் எடுத்து ஸ்குறுவின்ர மறை, அதைப் பிடிக்கிற அரை நட், றொட் போற ஓட்டை எல்லாம் கழுவி சீலையால துடைச்சு வெயிலில வையுங்கோ. மண்ணெண்ணெயோட விட்டிட்டுப் போகாதேங்கோ, அது பிறகு தாடைப் பலகையில ஊறி நீங்கள் பிடிக்கிற மரத்தில கறையாக் கிடக்கும், பொலிஷ் அடிக்கேக்கதான் தெரிய வரும்.

கழுவேக்க இரும்பின்ர கூர் விளிம்பு எல்லாத்தையும் அரத்தால ஒருக்கா தட்டி விடுங்கோ. ரெண்டு நிமிச வேலை, கை வெட்டாது.

பூட்ட முதல் எப்பிடி ரெஸ்ற் பண்ணுறது? கையில பிடிச்சுக்கொண்டு இறுக்க ஏலாதே.

ஓம், 9 இஞ்சி வைஸ் 15 கிலோவுக்குக் கிட்ட வரும், நிலத்தில வைச்சால் உருளும். ரெண்டடி நீளத்தில தடிச்ச பலகைத் துண்டு ஒண்டை எடுத்து வைஸைத் தலைகீழா அதில வைச்சு ரெண்டு போல்ட் போட்டுப் பிடியுங்கோ, தாடை பலகைக்கு வெளிய நீட்டிக்கொண்டு நிக்கட்டும். அதோட பலகையைத் திருப்பி ஏதாவது ஒரு மேசை விளிம்பில கிளாம்ப் பண்ணினால் காணும்.

இனி பேப்பர்ச் சோதனை. கொப்பிப் பேப்பரில விரல் அகலத்துக்கு ஆறு துண்டு வெட்டுங்கோ. தாடை மேல்விளிம்பில மூண்டு, இடது, நடு, வலது. கீழ்விளிம்பில மூண்டு. தாடையை மெல்ல மூடி, கைபிடியை ஒரு விரலால சுத்திற அளவுக்கு மட்டும் இறுக்கி, ஒவ்வொண்டா இழுத்துப் பாருங்கோ. நல்ல வைஸில மேல மூண்டும் பிடிபடும், கீழ மூண்டும் வழுக்கிக்கொண்டு வரும். பிறகு நல்லா இறுக்குங்கோ, இப்ப ஆறும் பிடிபட வேணும். மேல இடது பிடிச்சு வலது வந்தால் தாடை பக்கவாட்டில சரிஞ்சிருக்கு, கொஞ்சமெண்டால் தாடைப் பலகையைச் சீவிச் சரிக்கட்டலாம், ஒரு நூலுக்கு மேல எண்டால் கடைக்குக் கொண்டுபோங்கோ. கீழ முதல் பிடிச்சு மேல வழுக்கினாலும் பலகையால சரிக்கட்டலாம், ஆனால் புது வைஸுக்குக் காசு குடுத்திட்டு அந்த வேலை ஏன், மாத்திக் கேளுங்கோ.

அடுத்தது ஆட்டம். தாடையை முக்கால்வாசி திறந்து முன் தாடையைப் பிடிச்சு மேலயும் கீழயும், பிறகு பக்கத்துக்கும் ஆட்டிப் பாருங்கோ. கொஞ்சம் ஆடும், ஆடத்தான் வேணும், றொட் ஓட்டைக்குள்ள துளியும் இடமில்லாமல் இருந்தால் மரத்தூள் போன உடன இறுகிடும். மடமடவெண்டு சத்தம் கேக்க ஆடினால்தான் பிழை.

கடைசியா பிடி. முதிரை மாதிரி வைரமான மரத்துண்டு ஒண்டை வைச்சு கையால ஏலுமான அளவு இறுக்கி, பென்சிலால றொட்டில ஒரு கோடு போட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாருங்கோ. கோடு நகரக்கூடாது, கைபிடி தளரக்கூடாது. இதை ஒரு இஞ்சி திறப்பில, பாதித் திறப்பில, கிட்டத்தட்ட முழுத் திறப்பில எண்டு மூண்டு இடத்திலயும் செய்யுங்கோ. ஒரு இடத்தில மட்டும் செய்து ஓக்கே எண்டு விட்ட ஆக்கள்தான் பிறகு போன் எடுக்கிறது.

லீவரை அமத்தினால் கெதியா ஓடுது, ஆனால் இறுக்கேக்க டக் எண்டு வழுக்குது. வைஸ் பழுதோ?

பெரும்பாலும் இல்லை. உள்ளுக்கு ஸ்குறுவைப் பிடிக்கிறது முழு நட் இல்லை, அரை நட். லீவரை அமத்தினால் அது மறையை விட்டு விலகும், நீங்கள் தாடையை இழுக்கலாம் தள்ளலாம், லீவரை விட்டால் ஸ்பிறிங் அதைத் திரும்ப மறைக்குள்ள தள்ளும். அந்த மறைக்குள்ள கட்டிக் கிறீஸோ பெயின்றோ மரத்தூளோ இருந்தால் அரை நட் அடி வரைக்கும் உக்காராது, நுனிப் பல்லில மட்டும் தொங்கிக்கொண்டு நிண்டு பாரம் வந்த உடன வழுக்கும். பழைய பல்லு விளக்கிற பிரஷால கழுவிப் பாருங்கோ. பிறகும் வழுக்கினால் ஸ்பிறிங்கைப் பாருங்கோ. ரெண்டும் சரியா இருந்து வழுக்கினால்தான் மறை தேஞ்சிருக்கு, புது வைஸெண்டால் திருப்பிக் குடுக்க வேண்டியதுதான்.

இன்னொண்டு, லீவரை விட்ட உடன சடாரெண்டு இறுக்காமல் கைபிடியை மெல்ல கால் சுத்து சுத்துங்கோ, பல்லு சரியா விழுந்ததைக் கை உணரும், பிறகு இறுக்குங்கோ.

முன் தாடை மேல உள்ளுக்குச் சரிஞ்சு நிக்குது, கோணலா வார்த்திட்டாங்களோ?

வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்யிறது. ஸ்குறு தாடைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கு, மரத்தைப் பிடிக்கிறது மேல்ப்பக்கம். இறுக்க இறுக்க மேல்ப்பக்கம் வெளிய போகப் பாக்கும். முதலே மேல கொஞ்சம் உள்ளுக்குச் சரிஞ்சிருந்தால் இறுக்கினபிறகு தாடை நேரா வரும், மரம் முழு அகலத்துக்கும் பிடிபடும். இது இல்லாத வைஸில மரம் கீழ மட்டும் பிடிபட்டு, சீவுளியை வைச்சு ஒரு இழுவை இழுத்த உடன மேல ஆடும். உங்கட வைஸில சரிவு இல்லையெண்டால் தாடைப் பலகைக்கும் இரும்புக்கும் நடுவில மேல்ப்பக்கமா ஒரு காட்போட் மட்டைத் துண்டை வைச்சு இறுக்குங்கோ, நான் அப்பிடிச் செய்த வைஸ் ஒண்டு இப்பவும் வேலை செய்யுது.

நெடும்பலகையை ஒரு ஓரத்தில நிப்பாட்டிப் பிடிச்சால் தாடை கோணுதே?

எந்த வைஸும் கோணும். மற்ற ஓரத்தில அதே தடிப்பில ஒரு துண்டு வையுங்கோ. முக்கால் இஞ்சி, ஒரு இஞ்சி, ஒண்டரை, ரெண்டு எண்டு நாலு துண்டு வெட்டி ஒரு கயித்தில கோத்து மேசைக் காலில தொங்க விடுங்கோ.

மேசையில எந்தப் பக்கம் பூட்டுறது?

வலக்கைப் பழக்கமெண்டால் மேசையின்ர முன்பக்கம், இடது கால் ஓரம். சீவுளி வலதில இருந்து இடதுக்குப் போகும், தள்ளுற பலம் வைஸைப் பாத்து வரும். இடக்கைக்காரருக்கு இதை மாத்தி வலது ஓரம். காலுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லம், நடுவில பூட்டினால் மேசை துள்ளும்.

ஆனால் ஒரு இடத்தில கனபேர் பிழை விடுறவை. தாடையை மூடேக்க றொட்டும் ஸ்குறுவும் பின்னுக்கு மேசைக்குக் கீழ நீளும், எவ்வளவு திறக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளம். அந்த வழியில மேசையின்ர குறுக்குச் சட்டமோ லாச்சியோ இருந்தால் தாடை மூடாது. தாடையை முழுசா மூடி வைச்சு பின்னுக்கு எவ்வளவு நீளுது எண்டு அளந்து, அந்த அளவை மேசைக்குக் கீழ சோக்கட்டியால கீறிப் பாத்திட்டு ஓட்டை போடுங்கோ.

எவ்வளவு உயரத்தில நிக்க வேணும்? பக்கிங் எவ்வளவு வைக்கிறது?

இரும்புத் தாடையின்ர மேல்விளிம்பு மேசை மட்டத்துக்கு 4 நூல் கீழ நிக்க வேணும், 12 மில்லிமீற்றர். தாடைப் பலகை மட்டும் மேசை மட்டம் வரைக்கும் வரும். அப்ப உளியோ சீவுளியோ வழுக்கினாலும் மரத்தில படும், இரும்பில படாது.

கணக்கு லேசு. வைஸின்ர உடம்பு மேசைக்குக் கீழ ஒட்டுற முகத்தில இருந்து தாடை மேல்விளிம்பு வரைக்கும் உயரத்தை அளவுங்கோ. அதோட 12 கூட்டி, மேசைத் தடிப்பைக் கழியுங்கோ. என்ர வைஸுக்கு அந்த உயரம் 75, மேசைத் தடிப்பு 50. 75 உம் 12 உம் 87, அதில 50 போக 37. அப்ப 37 மில்லிமீற்றர் தடிப்பில ஒரு கட்டை மேசைக்கும் வைஸுக்கும் நடுவில போகும், அதுதான் பக்கிங். விடை கழித்தலில வந்தால் மேசை தடிப்புக் கூட, கீழால அவ்வளவு ஆழத்துக்கு வெட்டி வைஸை உள்ளுக்கு ஏத்த வேணும். பக்கிங் கட்டை ஒரே துண்டா, நல்லாக் காய்ஞ்சதா இருக்கட்டும், ரெண்டு மூண்டு மெல்லிய தகட்டை அடுக்காதேங்கோ, ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி நெளியும்.

பின் தாடையை மேசைக்குள்ள வெட்டி இறக்கோணுமோ? வெளியால பூட்டினால் என்ன?

இதுதான் எல்லாத்திலயும் முக்கியம். பின் தாடை மேசை விளிம்பை விட்டு வெளிய நீட்டிக்கொண்டு நிண்டால் வைஸ் சின்னத் துண்டு மட்டும்தான் பிடிக்கும். ஏழடிக் கதவுச் சட்டத்தைப் பிடிச்சு விளிம்பு சீவேக்க, சட்டம் வைஸில மட்டும் தொட்டுக்கொண்டு மற்ற ஆறடியும் மேசைக்கும் தனக்கும் இடையில வெளியில தொங்கிக்கொண்டு நிக்கும், அமத்தின உடன ஆடும். பின் தாடையின்ர பலகை முகமும் மேசையின்ர முன் விளிம்பும் ஒரே கோட்டில வந்தால் முழு மேசையும் பின் தாடை ஆகுது, சட்டத்தின்ர மற்ற நுனியை மேசைக் காலோட ஒரு கிளாம்பால பிடிச்சால் அது அசையாது.

வெட்டுறதெண்டால், இரும்புத் தாடையின்ர தடிப்பையும் அதில அடிக்கப் போற பலகைத் தடிப்பையும் கூட்டி அவ்வளவு ஆழம். தாடையை அப்பிடியே மேசை விளிம்பில வைச்சு கத்தியால சுத்திக் கீறுங்கோ, பென்சில் வேண்டாம். கோட்டுக்கு உள்ளுக்கு வாளால கிட்டக்கிட்ட வெட்டி, உளியால தட்டி எடுங்கோ. நேர்விளிம்புச் சட்டம் ஒண்டை மேசை விளிம்பில வைச்சு அடிக்கடி பாருங்கோ.

மேசையை வெட்ட மனமில்லாட்டி இன்னொரு வழி இருக்கு, வைஸை வெளியால பூட்டி, அதே தடிப்பில ஒரு பலகையை மேசை முன்பக்கம் முழு நீளத்துக்கும் பூட்டுறது. நான் ரெண்டு பேருக்கு அப்பிடிச் செய்து குடுத்தனான், நல்லாத்தான் நிக்குது, வெட்டிற பயமும் இல்லை.

ஸ்குறு ஆணி காணுமோ, போல்ட்தான் வேணுமோ?

போல்ட். நான் முதல் பூட்டின வைஸ் கோச் ஸ்குறுவில, அதுதான் ஸ்பனரால இறுக்கிற தடிச்ச மர ஸ்குறுவிலதான் நிண்டது, மேசை ஒண்டேகால் இஞ்சி வேப்பம் பலகை. ஒரு வருசம் ஒண்டும் நடக்கேல்லை, பிறகு ஒரு நாள் நிலைக்கால் ஒண்டைப் பிடிச்சு சீவிக்கொண்டு நிக்கேக்க பின்பக்கத்து ரெண்டு ஸ்குறுவும் மரத்தோட பிடுங்குப்பட்டு வைஸ் முன்னுக்குச் சரிஞ்சு என்ர முழங்காலில இடிச்சது, நிலைக்காலும் விழுந்து பொருத்து உடைஞ்சது. அண்டைக்கே துளைச்சு போல்ட் போட்டனான்.

10 மில்லிமீற்றர் போல்ட், மேசைக்கு மேலால போட்டு கீழ நட். தலையை மேசைக்குள்ள 4 நூல் ஆழத்துக்குப் பதிச்சு, மேல வட்ட மரக்கட்டை ஒண்டை அடிச்சு மட்டமாச் சீவி விடுங்கோ, சீவுளி அலகு போல்ட்டில பட்டால் அலகு போச்சு. கீழ அகலமான வாஷரும் ஸ்பிறிங் வாஷரும். பின் தாடையிலயும் ஓட்டை இருந்தால் அதையும் விடாதேங்கோ. மேசை ரெண்டரை இஞ்சிக்கு மேல தடிச்ச வைரமான மரமெண்டால் மட்டும் கோச் ஸ்குறு பாவிக்கலாம், 10 மில்லிமீற்றர் ஸ்குறுவுக்கு 7 மில்லிமீற்றர் ஓட்டை முதலே துளைச்சு, மறையில சவுக்காரம் பூசி ஏத்துங்கோ.

எங்கட மேசை பனம் பலகை. பூட்டலாமோ?

பூட்டலாம், கவனமா. பனையில வைரம் வெளிப்பக்கத்தில, உள்ளுக்குப் போகப் போகச் சோத்தி, அதுதான் மெதுவான பாகம். ஸ்குறு சோத்தியில நிக்காது, வைரத்தில விளிம்புக்குக் கிட்டப் போட்டால் சிலாம்பு சிலாம்பாப் பிளக்கும். அதால போல்ட் மட்டும்தான், மேலயும் கீழயும் இரும்புத் தகடு வைச்சு, விளிம்பில இருந்து ரெண்டு இஞ்சியாவது உள்ளுக்கு. துளைக்கேக்க கீழால ஒரு துண்டுப் பலகையை அழுத்திப் பிடியுங்கோ, இல்லாட்டி துளை வெளிய வாற இடத்தில தும்பு பிய்ஞ்சுபோடும். பின் தாடையை பனைக்குள்ள வெட்டி இறக்கிறதை விட நான் மேல சொன்ன முன்பலகை வழிதான் நல்லம், முன்பலகைக்கு வேம்போ பாலையோ எடுங்கோ.

உதவிக்கு ஆள் இல்லை, தனிய எப்பிடி ஏத்துறது?

மேசையைக் கவிட்டு வைச்சுப் பூட்டுங்கோ. கவிழ்க்க ஏலாத பாரமெண்டால் கார் ஜக்கில ஒரு பலகையை வைச்சு அதுக்கு மேல வைஸை வைச்சு மெல்ல மெல்ல ஏத்துங்கோ. ஒரு கையால தாங்கிக்கொண்டு மற்றக் கையால நட் போடப் பாக்காதேங்கோ. தூக்கேக்க லீவரில கை படாமல் பாருங்கோ, பட்டால் முன் தாடை தனிய ஓடி வரும், தூக்க முதல் தாடையைக் கயித்தால கட்டினால் பயமில்லை.

தாடைப் பலகைக்கு என்ன மரம்?

முதிரையும் பாலையும் வேண்டாம். பிடிக்கிற மரத்தை விடப் பிடிக்கிற பலகை மெதுவா இருந்தால்தான் வேலைப் பொருளில தழும்பு விழாது. நான் பாவிக்கிறது பூவரசு, கிடைக்காட்டி மலைவேம்பு. 18 இல இருந்து 20 மில்லிமீற்றர் தடிப்பு, மர ஓட்டம் கிடைமட்டமா. மேசை மட்டத்தை விட ஒரு மயிரளவு உயர்த்தி அடிச்சு, பூட்டினபிறகு மேசையோட சேத்து சீவி மட்டம் பண்ணுங்கோ.

முன் தாடைக்கு வெளிப்பக்கத்தால இரும்பு ஓட்டைக்குள்ளால ஸ்குறு போகலாம், முகத்தில ஒண்டும் தெரியாது. பின் தாடைக்கு முகத்தாலதான் போட வேணும், தலையை 3 நூலாவது பதியுங்கோ. பொலிஷ் முடிஞ்ச சாமானைப் பிடிக்கிற ஆக்கள் பலகைக்கு மேல தோல் ஒட்டலாம், பழைய செருப்புத் தைக்கிற கடையில துண்டுத் தோல் எடுக்கலாம். தாடைப் பலகை தேயும் சாமான், ரெண்டு மூண்டு வருசத்தில மாத்தத்தான் வேணும், அதால பசை போடாதேங்கோ.

பூட்டி முடிஞ்சுது. சரியாப் பூட்டுப்பட்டிருக்கோ எண்டு எப்பிடித் தெரியும்?

பேப்பர்ச் சோதனையை இன்னொருக்கா, இப்ப தாடைப் பலகையோட. பூட்டேக்க வைஸின்ர உடம்பு சமமில்லாத பக்கிங்கில இழுபட்டால் முதல் பாஸான வைஸும் இப்ப கோணும், அப்பிடியெண்டால் ஒரு போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கோ, எந்தப் போல்ட்டைத் தளர்த்தத் தாடை நேரா வருதோ அந்த இடத்தில பக்கிங் பதிஞ்சிருக்கு.

பிறகு நாலடிப் பலகை ஒண்டை நேர்விளிம்பு சீவி, அதை வைஸில பிடிச்சு மேசை விளிம்போட சேருதோ எண்டு கண்ணால பாருங்கோ. நடுவில வெளிச்சம் தெரியக்கூடாது. அதுக்குப் பிறகு உண்மையான வேலை, விளிம்பு சீவுங்கோ, குறுக்கு வாள் பிடியுங்கோ. கையை மேசையில வைச்சால் வாள் போகேக்க அதிர்வு வரும், ஆனால் வைஸுக்கும் மேசைக்கும் இடையில டிக் டிக் எண்டு சத்தம் கேட்டால் போல்ட் இறுகேல்லை. பொழி வெட்டுறதை, அதுதான் கொட்டாப்புளியால அடிச்சுத் துளை எடுக்கிறதை, வைஸில பிடிச்சுச் செய்யாதேங்கோ, அந்த அடி முழுக்க அரை நட்டுக்கும் றொட்டுக்கும் போகும். அதை மேசைக் காலுக்கு நேர மேல வைச்சு அடியுங்கோ.

பிடி காணாட்டி கைபிடிக்கு பைப் போட்டு இறுக்கலாமோ?

கூடாது. கைபிடியின்ர நீளம் அந்த வார்ப்புக்கு எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு பாத்துத்தான் வைச்சது. பைப் போட்டால் தாடை வெடிக்கும், காஸ்ற் அயன் வெல்டிங் பிடிச்சாலும் பழைய மாதிரி வராது. பிடி காணேல்லையெண்டால் தாடைப் பலகை மினுங்கிப் போயிருக்கும், எமரித் தாளால ஒருக்கா தேயுங்கோ.

அந்தக் காலத்து ஓடாவிமார் (தச்சர்) வைஸ் இல்லாமல்தானே செய்தவை, பிறகேன் இது?

செய்தவைதான், நானும் அப்பாவிட்ட அப்பிடித்தான் பழகினனான். நிலத்தில குந்தி இருந்து காலால பலகையை அமத்திப் பிடிச்சு, ஆப்படிச்சு இறுக்கி வேலை செய்தவர், 90களில இஞ்ச இரும்புச் சாமானுக்கே தடை, வைஸுக்கு எங்க போறது. அவர் செய்த கதவுகள் இண்டைக்கும் இணுவில், சுன்னாகம் பக்கம் தொங்குது. ஆனால் அம்பது வயசில அவருக்கு முழங்காலும் நாரியும் போட்டுது. வைஸ் இருந்தால் நிமிந்து நிண்டு ரெண்டு கையாலயும் வேலை செய்யலாம், கால் விரலுக்குக் கிட்ட உளி போகாது. என்னட்டப் பழகிற பெடியளை நான் முதல் நாளே வைஸுக்கு முன்னால நிப்பாட்டுறது அதுக்குத்தான்.

எண்ணெய் என்ன, எப்ப போடுறது? கறள் பிடிக்காமல் எப்பிடி வைச்சிருக்கிறது?

தேங்காயெண்ணெய் போடாதேங்கோ, நாளாக நாளாகப் பிசின் மாதிரிப் பிடிச்சு மரத்தூளோட கட்டியாகும். கிறீஸும் அப்பிடித்தான், தூளைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஸ்குறு மறைக்கு தையல் மெசின் எண்ணெய் ரெண்டு துளி, மிச்சத்தைத் துடைச்சு விடுங்கோ. றொட்டுக்கு எண்ணெயே வேண்டாம், மெழுகுதிரியை எடுத்து நல்லாத் தேயுங்கோ, தூளும் ஒட்டாது, தாடையும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

குருநகர், காரைநகர், பருத்தித்துறை மாதிரிக் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் இரும்பு தெரியிற இடம் எல்லாத்திலயும் மெழுகு பூசி, வேலை முடிய சீலையால மூடி விடுங்கோ, உப்புக் காத்து ஒரு கிழமையிலயே கறளைக் கொண்டு வரும். வந்திட்டுதெண்டால் நுண்ணிய எமரியில எண்ணெய் தொட்டுத் தேச்சு எடுக்கலாம், மறைக்குள்ள மட்டும் எமரி போடாதேங்கோ, பிரஷால எடுங்கோ.

போல்ட்டைப் பூட்டினதோட மறக்கக் கூடாது. பூட்டி ஒரு மாசத்தில ஒருக்கா இறுக்குங்கோ, புதுப் பக்கிங் அமரும். பிறகு வருசத்தில ரெண்டு தரம். ஐப்பசி கார்த்திகை மழையில மேசை மரம் ஊதும், மாசி பங்குனி வெயிலில சுருங்கும், சுருங்கேக்கதான் நட் தளரும், அப்ப ஒருக்கா. சோளகக் காத்து அடிச்சு எல்லாம் காய்ஞ்சு கிடக்கிற ஆடியில இன்னொருக்கா. ஸ்பனரை வைஸுக்குப் பக்கத்தில ஒரு ஆணியில கொழுவி விடுங்கோ, தேடப் போனால் செய்ய மாட்டியள்.